பெரியப்பாவின் சாயத் தொட்டியும் எங்கள் லேப் ஸ்லைடும்

இந்தக் குறிப்பு எழுத ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு தண்ணீர்ப் பிரச்சினை.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு சின்ன லேபில், திசுப் பரிசோதனைப் பிரிவில், திடீரென்று ஒரு வாரம் ஸ்லைடு எல்லாம் கெட்டுப்போனது. செல்லின் உட்கரு நல்ல நீலமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை. செங்காவி மாதிரி, துருப்பிடித்த மாதிரி ஒரு நிறம். நோயியல் டாக்டர் முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் ஸ்லைடு தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தத் தட்டில் இருந்தவை மார்பகக் கட்டி, வாய்ப்புண், கர்ப்பப்பை வாய். ஒவ்வொன்றுக்கும் பின்னால் வெளியே பெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். ரிப்போர்ட் இரண்டு நாள் தள்ளிப்போனால் அவர்கள் வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிட மாட்டார்கள். சாயத்தை மாற்றினேன், அமிலத்தை மாற்றினேன், நேரத்தைக் கூட்டிக் குறைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார்பாளையத்தில் பெரியப்பா வீட்டுக்குப் போனபோது புலம்பினேன். பெரியப்பா நாற்பது வருஷம் பட்டு நூலுக்குச் சாயம் போட்டவர். இன்றைக்கும் அவர் நகக்கண்ணில் அரக்குச் சிவப்பு போகவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தண்ணி மாத்தினீங்களா பாப்பா?"

மாற்றியிருந்தோம். அந்த வாரம்தான் ஆர்.ஓ. இயந்திரம் வைத்து, கழுவும் தொட்டிக்கும் அதிலிருந்தே குழாய் கொடுத்திருந்தார்கள். சுத்தமான தண்ணீர், நல்லதுதானே என்று நானும் நினைத்தேன்.

"அதான். போர் தண்ணியில கொஞ்சம் காரம் இருக்கும். நீ சொல்ற நீலம் அதுலதான் ஏறியிருக்கும். ஒரு சிட்டிகை சோடா போட்டுப் பாரு."

போட்டேன். இரண்டு நிமிடத்தில் உட்கரு நீலமானது. பிறகு பாடப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், நான் தேர்வில் எழுதி மார்க் வாங்கிய விஷயம்தான் அது. ஸ்காட் கரைசல் என்று பெயர். சோடியம் பைகார்பனேட், மக்னீசியம் சல்பேட், தண்ணீர். குழாய்த் தண்ணீருக்கு மாற்று என்றே அதை அழைப்பார்கள். படித்திருக்கிறேன், ஆனால் கையில் ஏறவில்லை. ஏழாவது வரைக்கும் படித்த பெரியப்பாவுக்கு அது கையில் இருந்தது.

சாயப்பட்டறைக்காரருக்கு எங்க லேப் விஷயம் எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொண்டே படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, கேள்வியே தலைகீழ் என்று தெரிந்தது. எங்கள் தொழில்தான் அவர்களிடமிருந்து வந்தது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். திசுக்களைப் பற்றிய படிப்புக்கு ஹிஸ்டாலஜி என்று பெயர். 1819இல் மேயர் என்ற ஜெர்மன் உடற்கூறியலாளர் இந்தச் சொல்லை உருவாக்கினார். ஹிஸ்டோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு நட்டுவைத்த தூண் என்றும் பொருள், தறி என்றும் பொருள், தறியில் நெய்த துணி என்றும் பொருள். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழில் தறி என்றால் என்ன? நெய்கிற தறியும் தறிதான், மாடு கட்டுகிற தூணும் கட்டுத்தறிதான். கம்பர் வீட்டுக் கட்டுத்தறி பழமொழியில் இருப்பது தூணா, தறியா என்று நம்ம ஊரில் இன்னும் சண்டை போடுகிறோம். கிரேக்கத்திலும் அதே இரட்டைப் பொருள். தூணை நட்டு அதில் பாவு கட்டிய காலத்து ஞாபகம் இரண்டு மொழியிலும் தங்கிவிட்டது போல.

திசு என்ற சொல்லும் அப்படித்தான். பிரெஞ்சில் திஸ்யூ என்றால் நெய்த துணி. உடலை உறுப்பு உறுப்பாகப் பார்க்காமல், அந்த உறுப்புகள் எந்தெந்த 'துணி'யால் ஆனவை என்று பார்த்தவர் பாரிஸில் இருந்த பிஷா. 1801இல் அவர் எழுதிய நூலில் 21 வகைத் திசுக்களைப் பிரித்தார். மைக்ராஸ்கோப்பே பயன்படுத்தவில்லை, அதை அவர் நம்பவும் இல்லை. வேகவைத்தும், காயவைத்தும், அமிலத்தில் ஊறப்போட்டும் கையால் பார்த்தே பிரித்தார். அடுத்த வருடமே, முப்பது வயதில் இறந்துபோனார். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் திசுவுக்கு இழையம் என்ற சொல் உண்டு. இழையிலிருந்து இழையம். எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் நம்ம ஊர் லேபில் 'இழையம்' என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், 'டிஷ்யூ' என்றால்தான் தட்டை நீட்டுவார்கள்.

பட்டுக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. லண்டன் ராயல் சொசைட்டி, இத்தாலியின் பொலோன்யா நகரத்து மருத்துவர் மால்பீகியிடம் பட்டுப்புழுவைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டது. அவர் புழுவை அறுத்துப் பார்த்து எழுதிய நூல் 1669இல் வெளிவந்தது. ஒரு பூச்சியின் உள்ளுறுப்புகளை முழுதாக விவரித்த முதல் நூல் என்று அதைச் சொல்கிறார்கள். அதுவரை பூச்சிக்குள் பெரிதாக ஒன்றும் இல்லை என்றே பலர் நினைத்திருந்தார்கள். மால்பீகி உள்ளே பட்டுச் சுரப்பியைக் கண்டார், மூச்சுக்குழாய்களைக் கண்டார், கழிவு நீக்கும் நுண்குழல்களைக் கண்டார். அந்தக் குழல்களுக்கு இன்றும் அவர் பெயர்தான். ஓய்வில்லாமல் வேலை பார்த்ததில் காய்ச்சலும் கண் அழற்சியும் வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அதே காலத்தில் ஹாலந்தில் லேவன்ஹுக் என்ற துணி வியாபாரி தானே லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார். துணியின் இழை எண்ண வியாபாரிகள் பூதக்கண்ணாடி வைத்திருப்பது அங்கே வழக்கம். பசுவின் தசைநார் சரியாகத் தெரியவில்லை என்று அதைக் குங்குமப்பூச் சாறில் நனைத்துப் பார்த்ததாக 1714இல் எழுதினார். திசுவுக்குச் சாயம் போட்ட முதல் பதிவுகளில் அது ஒன்று. போட்டவர் ஒரு ஜவுளிக்கடைக்காரர்!

எங்கள் லேபில் தினமும் பயன்படும் நீலத்துக்கு ஹீமடாக்ஸிலின் என்று பெயர். இது ஒரு மரத்தின் வயிரத்திலிருந்து வருவது. மெக்சிகோவின் கம்பேச்சி பகுதியிலும், பக்கத்தில் இன்று பெலீஸ் எனப்படும் கரையிலும் வளரும் மரம். ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். கம்பளிக்கும் பட்டுக்கும் சாயம். ஆனால் சரியான ஊன்றி இல்லாமல் போட்டால் வெளுத்துவிடும். அதனால் இங்கிலாந்தில் 1581இல் இந்தச் சாயத்துக்குத் தடையே போட்டார்கள். தடை நீங்கியது 1662இல். அதன் பிறகு அந்த மரத்தை வெட்டவென்றே ஆங்கிலேயர்கள் அந்தக் கரையில் குடியேறினார்கள், கடற்கொள்ளையர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெலீஸ் என்ற நாடு உருவானதே கிட்டத்தட்ட ஒரு சாய மரத்தால்தான். ஐரோப்பாவின் கறுப்புப் பட்டில் பெரும்பகுதி நெடுங்காலம் இந்த மரச்சாயம் ஏறியதே. எங்க ஊர் முகூர்த்தப் புடவையில் கறுப்புக்கு இடமில்லை என்பது வேறு கதை.

இந்த மரச்சாயம் தனியாகத் திசுவில் ஒட்டாது. 1863இல் வால்டயர் போட்டுப் பார்த்தார், சரியாக வரவில்லை. 1865இல் போமர் என்பவர் படிகாரம் சேர்த்தார், பிடித்துக்கொண்டது. படிகாரம் என்ன புது விஷயமா? நம்ம ஊர்ச் சாயக்காரர்கள் சாயவேரில் சிவப்பு ஏற்ற நூற்றாண்டுகளாகப் போட்டது அதுதான். படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒரு கையால் சாயத்தையும் இன்னொரு கையால் நூலையும் பிடித்துக்கொள்ளும். இழையத்தில் நூலுக்குப் பதில் உட்கரு. டி.என்.ஏ.வில் எதிர்மின்னேற்றம் கொண்ட பாஸ்பேட் இருக்கிறது, அலுமினியத்தோடு சேர்ந்த சாயத்துக்கு நேர்மின்னேற்றம். ஒட்டிக்கொள்கிறது. அமிலத்தில் சிவப்பாக நிற்கும், காரம் பட்டதும் நீலமாகும். என்னை அந்த ஒரு வாரம் படுத்தியது இந்தக் கடைசிப் படிதான்.

இன்னொன்று. மரத்திலிருந்து எடுத்த ஹீமடாக்ஸிலினுக்கு நேரடியாகச் சாயமேற்றும் சக்தி கிடையாது. காற்றும் வெளிச்சமும் பட்டு ஹீமட்டீன் ஆக மாற வேண்டும். அதைப் 'பழுப்பது' என்பார்கள். அந்தக் காலத்தில் ஜாடியில் ஊற்றி வெயில்படும் ஜன்னலில் வாரக்கணக்கில் வைப்பார்கள். 1900இல் ஹாரிஸ் என்பவர் பாதரச ஆக்சைடு போட்டுக் கொதிக்கவைத்து உடனே பழுக்கவைத்தார். கார்பைடு கல் போட்டு மாம்பழம் பழுக்கவைப்பது போலத்தான். பாதரசம் விஷம் என்பதால் இப்போது சோடியம் அயோடேட்டுக்கு மாறிவிட்டோம், ஆனால் பாட்டிலில் ஹாரிஸ் பெயர் இருக்கிறது.

அடுத்து இளஞ்சிவப்பு. இயோசின். இது முழுக்கத் தொழிற்சாலைப் பிள்ளை. 1856இல் லண்டனில் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் மலேரியாவுக்கு கொய்னா செய்யப்போய், தாரிலிருந்து எடுத்த அனிலினில் ஊதா நிறம் ஒன்றைக் கண்டான். அவன் அதைப் போட்டுப் பார்த்தது ஒரு பட்டுத் துணியில். பிடித்துக்கொண்டது, போகவில்லை. அங்கிருந்து ஐரோப்பாவில் சாயத் தொழிற்சாலைகள் முளைத்தன. 1870களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வந்தது இயோசின். கிரேக்க விடியல் தேவதையின் பெயர். முதலில் பட்டுக்கும் கம்பளிக்கும்தான் விற்றார்கள். பத்து வருடத்துக்குள் அது மைக்ராஸ்கோப் மேசைக்கு வந்துவிட்டது. 1876இல் ஹீமடாக்ஸிலினையும் இயோசினையும் ஒன்றாகப் பயன்படுத்தும் முறை அச்சில் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை, உலகத்தில் எந்த ஊரில் கட்டியை அறுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாலும் முதலில் போடுவது இந்த இரண்டும்தான்.

பட்டில் ஏறிய சாயம் ஏன் திசுவிலும் ஏறுகிறது? இரண்டுமே புரதம். அவ்வளவுதான் ரகசியம். பட்டு ஃபைப்ராயின், தசை வேறு புரதம். கொஞ்சம் அமிலம் சேர்த்தால் புரதத்தின் அமினோ முனைகள் நேர்மின்னேற்றம் பெறும், எதிர்மின்னேற்றம் கொண்ட சாயம் போய் ஒட்டும். பெரியப்பா கொதிக்கிற தொட்டியில் கடைசியில் அசிட்டிக் அமிலம் ஊற்றுவார், நூல் நிறத்தைக் குடித்துத் தொட்டித் தண்ணீர் தெளிந்துவிடும். நான் இயோசின் ஜாடியில் அதே அசிட்டிக் அமிலத்தைச் சில துளி விடுவேன். அவர் மூச்சு முட்டும் ஆவியில் நிற்பார், நான் ஏ.சி. அறையில். வித்தியாசம் அங்கேதான்.

மற்ற படிகளும் இப்படி ஒத்துப்போகும். கச்சாப் பட்டை சோப்பும் சோடாவும் போட்டு அவித்துப் பசையை எடுப்பார்கள். எடையில் கால்பங்கு வரை போய்விடும். எடுக்காமல் சாயம் போட்டால் திட்டுத்திட்டாக நிற்கும். எங்களிடம் மெழுகு. ஃபார்மலினில் ஊறிய திசுவை ஆல்கஹாலில் படிப்படியாக ஏற்றித் தண்ணீரை எடுத்து, சைலீனில் போட்டு, உருகிய பாரஃபினில் ஊறவைத்துப் பிளாக் ஆக்குவோம். மைக்ரோடோமில் நாலு மைக்ரான் கனத்தில் சீவுவோம். பட்டுப்புழு கக்கும் ஒற்றை இழையே அதைவிட இரண்டு மூன்று மடங்கு தடிமன். சீவியதை வெதுவெதுப்பான தண்ணீரில் ரிப்பன் போல மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏந்தி எடுக்க வேண்டும். பிறகு அந்த மெழுகு முழுவதும் போக வேண்டும். துளி இருந்தாலும் அந்த இடத்தில் சாயம் ஏறாது. நான் படித்த காலத்தில் முதல் ஆறு மாதம் ரிப்பன் மடிந்துகொண்டே இருந்தது. மூச்சை அடக்கக் கற்றுக்கொண்டபின்தான் சரியானது. வேறு எதுவும் யாரும் சொல்லித்தரவில்லை, சொல்லித்தரவும் முடியாது.

நம்ம பக்கத்துக் கதைக்கு வருகிறேன். 1780களில் சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் இருந்தார். சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை இங்கே வளர்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு பித்து. இங்கே ஒரு பூச்சியைக் கண்டுபிடித்துவிட்டதாக லண்டனில் ஜோசப் பாங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். அது அந்தப் பூச்சி இல்லை. சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார். முசுக்கொட்டை வளர்த்துப் பட்டுப்புழுவும் விட்டுப் பார்த்தார். இரண்டும் பெரிதாக ஓடவில்லை. ஆனால் ஒரு மருத்துவரின் தலைக்குள் பட்டும் சாயமும் ஒன்றாக ஓடியது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தக் கொச்சினீலிலிருந்து எடுக்கும் கார்மைன்தான் 1850களில் கெர்லாக் மூளைத் திசுவுக்குப் போட்ட சாயம். வெட்டிய மூளைத் துண்டை நீர்த்த கார்மைனில் ராத்திரி முழுக்க மறந்து விட்டுவிட்டாராம், காலையில் செல்கள் தனித்தனியாகத் தெரிந்தன என்று சொல்வார்கள்.

1903இல் சென்னைப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன், மண்ணீரல் வீங்கியவர்களின் மண்ணீரலிலிருந்து எடுத்த துளியைச் சாயம் போட்டுப் பார்த்து, அதில் புதிய ஒட்டுண்ணி ஒன்றைக் கண்டார். இங்கிலாந்தில் லீஷ்மனும் அதையே கண்டிருந்தார். கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசாரின் கிருமி. லீஷ்மேனியா டோனவானி என்று இருவர் பெயரையும் சேர்த்து வைத்தவர் ரொனால்ட் ராஸ். இதற்குப் பயன்பட்ட ரோமனோவ்ஸ்கி வகைச் சாயத்தில் இருப்பது இயோசினும் மெத்திலீன் நீலமும். இரண்டும் துணிச்சாயம். மெத்திலீன் நீலம் 1876இல் ஜெர்மன் சாயக் கம்பெனியான பி.ஏ.எஸ்.எஃப்.பில் பிறந்தது.

அதே மெத்திலீன் நீலத்தோடு ஆயுள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தவர் பால் எர்லிக். 1878இல் அவர் மருத்துவப் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேடே திசுச் சாயம் பற்றியதுதான். ஒரு சாயம் ஒரு செல்லில் மட்டும் ஒட்டி மற்றதை விடுகிறது என்றால், ஒரு மருந்தும் அப்படிக் கிருமியில் மட்டும் ஒட்டாதா என்று யோசித்தார். 1910இல் மேகநோய்க்கு சால்வர்சான் மருந்து சந்தைக்கு வந்தது அந்த யோசனையில்தான். கீமோதெரபி என்ற சொல்லும் அவருடையதே. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் நம்ம வீடுகளில் புற்றுநோய் என்று மட்டும்தான் அர்த்தம்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அந்த நோயோடு தனிக் கணக்கு உண்டு. இந்த ஊரில் பிறந்த அண்ணா உணவுக்குழாய்ப் புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3 அன்று இறந்தார். முந்தைய வருடம்தான் நியூயார்க்கில் அறுவை நடந்திருந்தது. அவர் பெயரில் காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை அதே ஆண்டு வந்தது. சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கு 'காரப்பேட்டைக்குப் போயிருக்காங்க' என்றால் மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை.

இந்த வரலாற்றில் நான் நின்றுபோன இடம் ஒன்று உண்டு. 1895இல் பிராங்க்ஃபர்ட்டில் லூட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், ஃபுக்சின் சாயத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி வருவதை எழுதினார். ஃபுக்சின் எங்கள் அலமாரியில் இருக்கிறது. காசநோய்க் கிருமிக்குப் போடுவது அதைத்தான். காங்கோ சிவப்பும் இருக்கிறது, 1884இல் வந்த பென்சிடின் சாயம், அமிலாய்டு பார்க்கப் போடுவோம். கட்டியைக் கண்டுபிடிக்கிற நிறங்களைச் செய்த கைகளிலேயே கட்டி வந்திருக்கிறது. பென்சிடின் வகைச் சாயங்களையும் குறிப்பிட்ட சில அசோ சாயங்களையும் இந்தியாவில் தடைசெய்தது 1990களில்தான். பெரியப்பா தொட்டியில் நிற்க ஆரம்பித்தது அதற்கு ரொம்ப முன்னால். கையுறை கிடையாது. நிறம் சரியா என்று பார்க்க விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தவர்களும் உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். (என் பக்கம் மட்டும் சுத்தமில்லை. ஃபார்மலின் விரலை விறைக்கவைப்பதைப் பார்த்துத்தான் 1893இல் ப்ளூம் அதைத் திசுவைப் பதப்படுத்தலாம் என்று கண்டுபிடித்தார். அதுவும் புற்றுநோய்ப் பட்டியலில் உள்ள பொருள்தான்.)

ரேனைப் பற்றிப் படித்த அன்றே பெரியப்பாவுக்கு போன் செய்தேன். "யூரின்ல எப்பவாச்சும் ரத்தம் வந்துதா?" என்று கேட்டதும் எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"போன தையில ஒரு தடவ. சூடுன்னு நினைச்சேன்."

யாரிடமும் சொல்லவில்லை, பெரியம்மாவிடம்கூட. மூன்று நாள் தொடர்ந்து சாம்பிள் கொடுக்கச் சொன்னேன். காலையில் முதல் தடவை போவது வேண்டாம், ராத்திரி முழுக்கத் தேங்கியதில் செல்கள் சிதைந்திருக்கும், இரண்டாவது தடவை போவதைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். நானே சுழற்றி, ஸ்லைடில் தேய்த்து, பாப்பனிகோலா சாயம் போட்டேன். ஹீமடாக்ஸிலின், ஆரஞ்சு, பிறகு இயோசினும் பச்சையும் கலந்தது. மூன்று நாளும் நீலம் சரியாக ஏற வேண்டுமே என்று கை நடுங்கியது உண்மை.

டாக்டர் மூன்று ஸ்லைடையும் பார்த்துவிட்டு, சந்தேகப்படும்படி செல் எதுவும் இல்லை என்று எழுதினார். அதோடு விடாமல் ஸ்கேன் எடுக்கச் சொன்னார், உள்ளே குழாய் விட்டுப் பார்க்கவும் சொன்னார். சாம்பிளில் இல்லை என்பதால் உள்ளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஸ்கேனில் சின்னக் கல் ஒன்று. சிறுநீர்ப்பைக்குள் பார்த்ததில் சுவர் சுத்தம். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்றைக்கு சாயங்காலம் லேபில் யாரும் இல்லாத நேரத்தில் பெரியப்பாவை உள்ளே கூட்டிப்போய் அவருடைய ஸ்லைடையே காட்டினேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு கண்ணை மூடினார், மறு கண்ணை மூடினார்.

"நீலம் நல்லா ஊன்றியிருக்கு பாப்பா," என்றார். "ஆரஞ்சு கொஞ்சம் தூக்கல். அடுத்த தடவ அலசுறப்போ ஒரு முங்கு கூடப் போடு."